கூட்டிவந்த அதட்டல்

இன்று காலை அண்ணனூரில் என் வீட்டுப் பின்சுவரில் படர்ந்திருந்த கோவைக்கொடியை அறுத்துப் போட்டேன். குப்பை சேருகிறது என்று கீழ்வீட்டுக்காரர் நச்சரித்துக்கொண்டே இருந்தார். இலைகள் கையில் கசங்கியதும் அந்தப் பச்சை வாசனை எழுந்தது. எனக்கு ஏதாவது ஆகும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அடுப்பில் பால் இருந்தது நினைவு வந்து உள்ளே போய்விட்டேன்.

ஆவடிப் பக்கம் சேக்காட்டில் நாம் இருவரும் ட்யூஷன் நடத்தினோமே, அந்த வாசனை அது. கரும்பலகை வெளுக்கும்போதெல்லாம் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்து நீதான் பூசுவாய். முழங்கை வரை கரியாக இருக்கும். அந்தக் கையாலேயே என் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, பிள்ளைகளோடு சேர்ந்து சிரிப்பாய். பிள்ளைகள் கொஞ்சம் கூச்சல் போட்டால் போதும், இடுப்பில் கைவைத்து ஒரே அதட்டல். "சும்மா கீறீங்களா இல்லியா?" தெருவே அடங்கும். வாத்தியார் வேலைக்குப் படித்தவள் பேசுகிற பேச்சா இது என்று நான் முறைப்பேன். "புரியுதா இல்லியா அதுங்களுக்கு? அப்புறம் இன்னாடி?" என்பாய்.

எண்பதுகளின் நடுவில், தான்சானியாவில் ஒரு மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஆள் தேவை என்று தெரிந்தவர் ஒருவர் வந்து சொன்னார். இரண்டு வருடம், சம்பளம் கிடையாது, சாப்பாடும் இடமும் உண்டு. அந்த நாடு எங்கே இருக்கிறது என்று நான் வரைபடத்தில் தேடிக்கொண்டிருந்தபோதே நீ பெட்டி வாங்கப் போய்விட்டாய். ஊர் வாய் சும்மா இருக்குமா? "கண்ணாலம் கட்ற வயசுல ஆப்பிரிக்காவா?" என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த உன் நைனா ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "அது யார் பேச்சையும் கேக்காது. நீ கூட்டிகினு போறே. நீயே கூட்டிகினு வந்துடணும்மா. அவ்ளோதான் நான் கேப்பேன்." சரி நைனா என்றேன். அப்போது அது சுலபமாக வாயில் வந்தது.

அங்கே பள்ளியின் கரும்பலகை சாம்பல் நிறத்தில் இருந்தது. எழுதினால் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் புதுப்பலகை கேட்டு எழுதலாமா என்று யோசித்தேன். நீ வேலிப்பக்கம் போய்விட்டுக் கத்தினாய். "ஏய், இங்கியும் கோவைக்கொடி கீதுடி!" சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி இருந்தது உன் முகம். அன்று முழுப் பள்ளியும் இலை பறித்தது. பிள்ளைகளின் கையெல்லாம் கரி, நம் சேக்காட்டுப் பிள்ளைகள் போலவே. நீ சொல்லித்தந்த ஆங்கிலத்தையும் அவர்கள் ட்யூஷன் ராகத்தில் இழுத்துப் பாடினார்கள். அது ஆவடி இங்கிலீஷ் என்று நான் கிண்டல் செய்தேன். உனக்குக் கோபமே வரவில்லை. அங்கே இருந்தவரை நீ மிகவும் சந்தோஷமாக இருந்தாய். இதை நான் அடித்துச் சொல்வேன்.

இரண்டாம் வருட மழையில் உனக்கு மலேரியா வந்தது. பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டதால் வண்டி வரவில்லை. ஆட்கள் கட்டிலோடு உன்னைத் தூக்கி நடந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் நீ போய்விட்டாய். அங்கேயே, பள்ளிக்குப் பின்னால் புதைத்தோம். ஊர்ப் பெண்கள் எல்லாரும் அழுதார்கள். நான் அழவில்லை. சேக்காட்டுக்குத் தந்தியில் என்ன எழுதுவது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வருடம் முடியும்வரை உன் வகுப்பையும் நானே எடுத்தேன். முதலில் பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. பிள்ளைகள் எத்தனை நாள் அப்படி இருப்பார்கள்? ஒருநாள் கூச்சல் கிளம்பியது. என் குரல் எடுபடவில்லை. முன்வரிசையில் இருந்த நீமா என்ற சிறுமி எழுந்தாள். திரும்பினாள். இடுப்பில் கைவைத்தாள்.

"சும்மா கீறீங்களா இல்லியா?"

ஒரு எழுத்து பிசகவில்லை. வகுப்பு அடங்கியது. அது ஆங்கிலம் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். நான் பலகைப் பக்கம் திரும்பி அன்றைய பாடத்தை எழுத ஆரம்பித்தேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

ஊர் திரும்பியதும் நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன். உன் நைனா வாசலில் நின்றிருந்தார். எல்லாம் தெரிந்தவர்தான். இருந்தும் என் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார். "தனியாவா வந்தே?" என்றார். நான் தலையசைத்தேன். உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "அது அங்க ஒயுங்கா சொல்லிக் குட்த்துச்சா?" என்று கேட்டார். வேறென்ன சொல்வதென்று தெரியாமல் நீமாவைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தேவிட்டார். "இங்கிலீசு கத்துக்குடுக்கப் போயி நம்ம பாசைய குட்த்துட்டு வந்துக்கீது..." என்றவர் 'வந்துக்கீது'வில் நின்றுவிட்டார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்நெஞ்சுக்காரி என்று உன் சித்தி சொன்னது காதில் விழுந்தது. இருக்கலாம்.

அதன்பிறகு எப்போது போனாலும் உன் நைனா காபி வந்த கையோடு கேட்பார். "அந்தப் பொண்ணு சொல்லிச்சே, அத்த சொல்லு." எழுந்து நின்று, இடுப்பில் கைவைத்துச் சொல்வேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார். தொண்ணூறுகளின் கடைசியில் அவரும் போனார். பிறகு யாரும் கேட்கவில்லை.

இன்று சாயங்காலம் மாடிப்படியில் கீழ்வீட்டுப் பிள்ளைகள் ஒரே ரகளை. கதவைத் திறந்தேன். வாயில் அதுதான் வந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

உன் நைனா உன்னைக் கூட்டிவரச் சொன்னார். நான் கூட்டிவந்தது இது ஒன்றைத்தான்.

அழுகை இப்போதும் வரவில்லையடி. உள்ளங்கையில் பச்சைக் கறை மட்டும் இருக்கிறது. காலையிலிருந்து கழுவவில்லை.