மன்னார் வளைகுடா அட்டை

வல்லம் வடகால்

அப்பாவுக்கு நம்புசெல்வி வணங்கி எழுதுவது. கால் வீக்கம் வடிந்ததா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

தேசியப் பூங்காக்களைப் பழைய சினிமா போஸ்டர் போல வரைந்த அஞ்சலட்டைகளைச் சேர்க்கிறேன் என்றேனே, அதில் காசிரங்காவைக் காணோம். நான் ஷிஃப்டுக்குப் போனதும் என் கட்டிலில் படுக்கும் அசாம் பெண் எடுத்துப் போய்விட்டாள். அவள் முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. திரும்பி வந்தால் தலையணையில் அவள் சூடு மட்டும் இருக்கும். ஹாஸ்டல் வார்டன் லீலா அக்கா, "வேலைய வுட்டு ஊருக்கே பூட்டாம்மா, இன்னாத்துக்குத் தேடிக்கினு கீறே?" என்றார். சிரித்துவிட்டேன். அது அவள் ஊர்க் காடு.

இப்போது கட்டில் சில்லென்றிருக்கிறது. அம்மாவின் பழைய சேலை ஒன்று வேண்டும், போர்த்திக்கொள்ள.

நம் கடல் படம் போட்ட அட்டையில்தான் இதை எழுதுகிறேன். இது எனக்குத் திரும்ப வேண்டும். தபாலில் போடாதீர்கள் அப்பா, நீங்களே கொண்டு வாருங்கள்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

நம்புசெல்வி