துண்டு போட்ட இடம்

பிள்ளையின் அப்பாவுக்கு,

மெட்ராஸில் அப்பீல் முடிந்தது. ஆயுள் தண்டனையை ஏழு வருஷமாகக் குறைத்துவிட்டார்கள். கோயிலில் தேங்காய் உடைக்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள்; உடைக்கவில்லை, சட்னிக்கு அரைத்துவிட்டேன்.

பஸ்ஸில் நீங்கள் போட்ட துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்த பாவத்துக்குக் காசிலிங்கத்தைக் குத்திக் கொன்றீர்களே, அதற்கு வக்கீல் என்ன சொன்னார் தெரியுமா? பஸ் சன்னலுக்கு வெளியே இருந்த பழக்கடைக் கத்தி கைக்கு எட்டியதாம். "என் கட்சிக்காரர் யோசிக்கவே இல்லை" என்றாராம். பதினைந்து வருஷமாக நானும் அதைத்தான் சொல்லிவருகிறேன். கறுப்புக் கோட்டு போட்டவர் சொன்னதும் நம்பிவிட்டார்கள்.

இதில் உங்களுக்கு மானம் வேறு. அது அந்தத் துண்டில் இருந்ததாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

நேற்று அம்பை பஸ் ஸ்டாண்டில் அதே பஸ்ஸில் ஏறினேன். காசிலிங்கத்தின் மனைவி சன்னல் வழியே கூடையைப் போட்டு இடம் பிடித்திருந்தாள். பிள்ளையோடு நின்ற என்னைப் பார்த்தாள். கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இங்கன உக்காருங்க மைனி" என்றாள்.

பிள்ளையை மட்டும் உட்காரவைத்தேன். நான் விக்கிரமசிங்கபுரம் வரை நின்றேதான் வந்தேன். இருபது நிமிஷந்தான். கால் ஒன்றும் வலிக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் தாய்