இடது கைக்கு ஒரு பை

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள மகனுக்கு,

நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாகத்தான் இருப்பீர்கள், இல்லாவிட்டால் போனில் நாற்பது நிமிடம் கத்துவதற்கு உனக்குத் தெம்பு எங்கிருந்து வரும். இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், ரம்பமும் சுகம். கடிகாரம் மட்டும் தவறிவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன வாரம் நீயும் அவரும் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு என்னைப் பற்றிப் பேசினீர்கள், நான் பக்கத்து அறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். "அம்மாவுக்கு எதுக்குப்பா இந்த வேண்டாத வேலை, ரம்பத்துச் சாவியைக் கழட்டி ஒளிச்சு வைங்க, அடுத்த சனிக்கிழமைக்குள்ள கடையில திருப்பிக் குடுத்துடுங்க" என்றாய். மருமகள் நடுவில் புகுந்து, "அத்தை பாவம், பொழுது போகலைன்னா கலர் அடிக்கிற புக்கு ஒண்ணு அனுப்பலாம்" என்றாள். அந்த நாற்பது நிமிடத்தில் அம்மாவைக் கூப்பிடு, என்ன நடந்ததென்று அவளைக் கேட்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. போகட்டும். நானே சொல்கிறேன், உட்கார்ந்து படி. கலர் புத்தகம் மூன்றாம் நாளே வந்து சேர்ந்தது என்று மருமகளிடம் சொல். நல்ல தடித்த தாள். பலகைகளுக்குப் பசை தடவும்போது தரையில் சிந்தாமல் விரித்துக்கொள்கிறேன், பாதி தீர்ந்துவிட்டது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். எனக்குப் பொழுது போகாமல் நான் இந்த ரம்பத்தை வாங்கவில்லை. முப்பத்தொன்பது வருடம் தையல் கடை வைத்திருந்தவள், கண் டாக்டர் இனிமேல் ஊசி வேலை வேண்டாம் என்று சொன்ன அன்று கடையைச் சாத்திவிட்டு வந்து இரண்டு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ அப்போது, ரெஸ்ட் எடும்மா என்றாய். ஓய்வெடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரியும். பிறகு ஒருநாள் சமையலறை அலமாரிக் கதவு கழன்று விழுந்தது, உன் அப்பா ஆளைக் கூப்பிடுகிறேன் கூப்பிடுகிறேன் என்று ஒன்றரை மாதம் ஓட்டினார், நானே கைரம்பத்தை எடுத்தேன். ஊசிக் காது என் கண்ணுக்குத் தெரியவில்லை, பலகையில் போட்ட பென்சில் கோடு தெரிந்தது. அவ்வளவுதான் விஷயம். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, கற்றுக்கொடுங்கள் என்று நானும் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. இரண்டு முக்காலி, ஒரு செருப்பு அடுக்கு, கீழ்வீட்டுக்காரிக்கு ஒரு அலமாரி, எல்லாம் கைரம்பத்தில்தான். மணிக்கட்டு வீங்கிய பிறகுதான் மேசை ரம்பம் வாங்கக் கடைக்குப் போனேன்.

மருமகளின் தம்பியும் ஒன்று வாங்கப்போகிறானாமே. அவனுக்கு ஒருவரும் கலர் புத்தகம் அனுப்பவில்லை, நல்ல ஹாபி என்றுதான் நீயும் சொன்னாயாம். அதனால் இந்தப் பகுதியை அவனுக்குப் படித்துக் காட்டு. கடையில் அந்த விற்பனைப் பையன் வாங்கவந்த என்னை விட்டுவிட்டு உன் அப்பாவிடமே பேசினான். "சார், மோட்டார் பவர் பாருங்க சார்" என்றான். உன் அப்பா பஸ் எஞ்சினைப் பார்ப்பதுபோல் இடுப்பில் கைவைத்துத் தலையாட்டினார், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். பலகை ஓரம் சாய்ந்துகொண்டு போக ஒரு நீளமான பட்டை இருக்கும், ஃபென்ஸ் என்கிறார்கள். அதைப் பூட்டிவிட்டு பிளேடின் முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு எடுத்தேன். விலை குறைந்த மிஷினில் பின்பக்கம் ஒரு நூல் அளவு நெருங்கியிருந்தது. "அது ஒண்ணும் பண்ணாதும்மா" என்றான். "உன் சட்டையில ஒரு தோள் ஒரு நூல் ஏறியிருந்தா போட்டுக்குவியா" என்று கேட்டேன், அப்புறம் என்னோடு பேச ஆரம்பித்தான். பின்பக்கம் நெருங்கினால் பலகை அங்கே இறுகும், இறுகினால் எகிறும். அடுத்த மிஷினில் பட்டையைப் பூட்டிவிட்டு உள்ளங்கையால் இடித்துப் பார்த்தேன், அசையவில்லை. பிளேடுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு, அறுபட்ட வாய் மூடிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்ள. மேலே ஒரு மூடி. முழங்கால் தட்டினாலே நின்றுபோகிற மாதிரி பெரிய சிவப்புப் பொத்தான். கால்கள் ஆடக்கூடாது, ஒரு பக்கம் அழுத்திப் பார்க்கவேண்டும். சுவிட்சில் ஒரு சின்ன மஞ்சள் சாவி, அதை உருவிவிட்டால் யார் அமுக்கினாலும் ஓடாது. பவரைக் கடைசியில் கேட்டால் போதும் என்று அந்தத் தம்பியிடம் சொல். பிளேடை எல்லா மோட்டாரும் ஓட்டும், நேராகப் போவதும் சொன்னதும் நிற்பதும்தான் முக்கியம். இதை உன் அப்பாவைப் பார்த்தும் சொன்னேன், அவர் வேறு பக்கம் பார்த்தார்.

இப்போது கடிகாரம். உன் அப்பா உன்னிடம், "உங்க அம்மா கடிகாரத்தைச் சுட்டுட்டா" என்று சொன்னார், கேட்டேன். இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியதற்குக் கம்பெனி கொடுத்த கடிகாரம், சரி. அது நின்று இரண்டு வருடம் ஆகிறது, ஒரு பேட்டரி வாங்கிப் போட அவருக்கு நேரமில்லை, துக்கம் கொண்டாட மட்டும் ஒரு வாரம் இருக்கிறது. நடந்தது இது. போன வாரம் புதன்கிழமை காலை ஒரு பலகையை அகலம் குறைக்க ஓட்டினேன். பிளேடின் மேல்மூடி கோட்டை மறைக்கிறது என்று அதைக் கழற்றியிருந்தேன், பின்னாலிருக்கும் தகடும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன், இதற்கு மேல் ஒப்புக்கொள்ளச் சொல்லாதே. முக்கால்வாசி போனபோது பலகை திடீரென்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பிப் பறந்தது. கோட்டைப் பார்க்க இடதுபக்கம் சாய்ந்து நின்றிருந்தேன், அதனால் இடுப்பை உரசிக்கொண்டு போய்ப் பின்சுவரில் கடிகாரத்தின் நடு வயிற்றில் இறங்கியது. நேராக நின்றிருந்தால் என் வயிறு. இதை உன் அப்பாவிடம் நான் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன், அவரிடம் சொல்லாதே, ராத்திரி தூங்கமாட்டார்.

ஏன் எகிறியது என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. நீ சொன்னபடி அவர் சாவியை உருவி ஒளித்துவைத்துவிட்டார். நான் கேட்கவுமில்லை, தேடவுமில்லை, இரண்டு நாள் அவரோடு பேசவுமில்லை. ஒன்று மட்டும் சொன்னேன். பழக்கடைச் சுவரில் பஸ்ஸைப் பின்னால் விட்டு இடித்தாரே, அன்று யார் போய் அவர் சாவியை ஒளித்துவைத்தார்கள் என்று. "அது வேற" என்றார். எப்போதும் அவருடையது வேறுதான். நீயும் ஒன்றும் குறைந்தவனில்லை. ஓடுகிற மிஷினைத் தினமும் அடுத்தவர் வாய்க்குள் விடுகிற பல் டாக்டர், நான் மரத்தில் விடுகிறேன் என்று குதிக்கிறாய். மரம் ஒருநாளும் தலையை அசைத்ததில்லை.

மூன்றாம் நாள் அவர் கால்சட்டை தையல் விட்டுவிட்டது என்று கதவோரம் வந்து நின்றார். பேசாவிட்டாலும் கிழிசலோடு அனுப்ப மனம் வரவில்லை. நேர்த் தையல்தானே, கண் வேண்டாம், கை போதும் என்று இரண்டு வருடமாகத் தொடாத தையல் மிஷினைத் திறந்தேன். நூல்கண்டு எடுக்க இழுப்பறையை இழுத்தால் உள்ளே மஞ்சள் சாவி. நான் இனி இந்த மிஷினைத் திறக்கவே மாட்டேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார் மனுஷன். அது எனக்கு வலித்தது, உண்மையைச் சொல்கிறேன். சாவியைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தேன். பாதித் தையலில் என் இடது கையைப் பார்த்தேன். அது ஊசிக்குப் பின்னால் போய்த் துணியைக் கிள்ளிப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை, அதுவாகப் போயிருந்தது. முப்பத்தொன்பது வருடம் அப்படித்தான் தைத்தேன், பின்னாலிருந்து இழுத்துக்கொடுத்தால்தான் துணி சுருங்காமல் வரும். புதன்கிழமையும் அந்தக் கை அதையேதான் செய்திருக்கிறது. ஊசி மேலும் கீழும் போகிறது, எந்தப் பக்கம் கைவைத்தாலும் ஒன்றுதான். ரம்பத்தில் முன்பக்கத்துப் பற்கள் கீழே இறங்குகின்றன, பின்பக்கத்துப் பற்கள் மேலே ஏறுகின்றன. பின்னாலிருந்து இழுத்ததும் பலகை பட்டையை விட்டுக் கோணி, ஏறுகிற பல்லில் மாட்டியிருக்கிறது. கூடவே என் கையையும் கொண்டுபோயிருக்கும். மீதித் தையலை முடித்துக் கால்சட்டையை மடித்து வைத்தேன்.

கைக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை, அது கேட்காது, என் கையல்லவா. அதனால் பழைய ஏப்ரனில் இடதுபக்கம் ஒரு பை வைத்துத் தைத்தேன், உடம்போடு ஒட்டி, மணிக்கட்டு வரை ஆழமாக. பலகை பாதி தாண்டியதும் இடது கை பைக்குள் போகவேண்டும், பலகை முழுதும் வெளியே போய் பிளேடு சுற்றுவது நிற்கும்வரை வெளியே வரக்கூடாது. வலது கையில் தள்ளுகட்டை. அதை நானே செய்தேன், பலகையின் பின்முனையைப் பிடித்துத் தள்ள ஒரு வெட்டு வைத்து. பின்தகடும் மூடியும் திரும்ப ஏறிவிட்டன, கோடு தெரியாவிட்டால் என்ன, அளவைப் பட்டையில் வைத்துவிட்டால் கோடே வேண்டாம். மிஷின் ஓடாமல், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடை இறக்கிவிட்டு ஐம்பது தடவை பலகையைத் தள்ளிப் பழகினேன். முதல் பத்தில் நான்கு தடவை இடது கை பின்னால் எட்டிப்பார்த்தது. கடைசி இருபதில் ஒருமுறைகூட இல்லை.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை உன் அப்பாவைக் கூப்பிட்டு ஓரமாக, பலகை எகிறினாலும் வராத பக்கத்தில், நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். ஏப்ரன் பையிலிருந்து சாவியை எடுத்தேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும், டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்டவர்போல் விழித்தார். நான் சுவிட்சைப் போட்டேன், பலகை போனது, பாதியில் கை பைக்குள் போனது, பலகை அந்தப் பக்கம் போய் அமைதியாக விழுந்தது. அணைத்துவிட்டு பிளேடு நிற்கும்வரை அப்படியே நின்றேன். அவர் எழுந்து வந்து அறுத்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் கிரீடம் கழன்றுவிடும். "கடிகாரத்துக்கு ஒரு புதுப் பெட்டி செய்ய முடியுமா பாரு" என்றார். பேட்டரி வாங்கி வாருங்கள், பார்க்கலாம் என்றேன். இரண்டு வருடம் கழித்து அன்று மாலை வாங்கி வந்தார்.

கடைக்குத் திருப்பிக் கொடுக்கும் கெடு நேற்றோடு முடிந்தது. நான் இந்தக் கடிதத்தை இன்றைக்கு எழுதுவது அதற்காகத்தான், நேற்றே எழுதியிருந்தால் மறுபடியும் அவரைக் கூப்பிட்டுக் கத்தியிருப்பாய். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பயந்தால் என்னைக் கூப்பிடு, என் சாவிக்கு உன் அப்பாவைக் கூப்பிடாதே. மருமகளின் தம்பியிடம் கையுறை போட்டுக்கொண்டு ஓட்டவேண்டாம் என்றும், கையில் எதையும் தொங்கவிடவேண்டாம் என்றும், பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்காமல் தொடவேண்டாம் என்றும் சொல். அவன் இதற்குமுன் என்ன வேலை செய்தான், அந்த வேலையில் கை எங்கே போய்ப் பழகியிருக்கிறது என்றும் கேட்டுப் பார்க்கச் சொல்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. குனிந்தே நின்று முதுகைக் கெடுத்துக்கொள்ளாதே. மருமகளும் பேத்தியும் நீயும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருக்கவேண்டும், பேத்திக்கு என் முத்தங்கள், அவளுக்கு ஒரு சின்ன நாற்காலி தயாராகிக்கொண்டிருக்கிறது. இந்தத் தாளைத் திருப்பிப் பார். என் இடது கையை விரித்துவைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரைந்திருக்கிறேன். பயம் வரும்போதெல்லாம் எடுத்து விரல்களை எண்ணிக்கொள். பென்சிலைப் பிடித்து வரைந்தது வலது கை, அதைத் தனியாக எண்ணவேண்டியதில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்