ஸ்கொட்லாந்து வானொலியில் சொன்ன பெயர்

1. இதை எழுதுபவன் உம்முடைய கணவன், சட்டத்தரணி சின்னத்தம்பி விசுவலிங்கம், தற்போது மொன்றியல்.

அன்பின் யோகநாயகி, நீரும் பிள்ளைகளும் சுகமா? நான் சுகம்.

ஸ்கொட்லாந்தின் அடுத்த வார வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்து, உம்முடைய தம்பி கிளாஸ்கோவிலிருந்து தொலைபேசி எடுத்தான். "அத்தான், வியாழன் றேடியோவில நீங்கள் கதைக்கிறியள், பெயரும் போட்டிருக்கினம்!"

கொழும்பில் தமிழரைக் கைது செய்வது பற்றி, பெயரில்லாமல் பேசவே அந்த வானொலிக்காரரிடம் சம்மதித்தேன். ஆனால் பழக்கதோஷத்தில், நீதிமன்றத்துக்கு எழுதும் சத்தியக் கடதாசி போல, பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் சொல்லித் தொடங்கிவிட்டேன். நீக்கும்படி கேட்டேன், பதில் இல்லை.

பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. எனினும் இந்தத் தொலைநகல் கிடைத்தவுடன் கொழும்பு அறையை விட்டு அக்காவிடம் போய்விடும். வீட்டுக்காரரிடம் விலாசம் கொடுக்க வேண்டாம். என் படத்தையும் சுவரிலிருந்து எடுத்துவிடும். சேர்ந்ததும் தொலைபேசியில் பிள்ளைகளை இருமவாவது சொல்லும், அதிலேயே சுகமென்று அறிந்துகொள்வேன். யாரும் பெயர் சொல்லக்கூடாது.

ஒப்பம்: சி. விசுவலிங்கம்
சாட்சிகள்: இரவிச்சந்திரன், புஷ்பராணி (மேல்வீட்டார்)