யாரிடமிருந்து தொற்றியது

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், அம்மாவின் வலது கை நீங்கலாக. அது மாவுக்கட்டில் இருப்பதால் அவள் எழுத வேண்டியதை அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நீ வெட்கப்படாதே, உனக்கும் சேர்த்து நான் பட்டு முடித்துவிட்டேன்.

அந்த இடத்தில் அரிப்பு என்று அம்மாவிடம் போனில் சொல்லி, மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று அழுதாயாம். உன் அக்காவுக்கும் இதேதான் வந்தது. பல்வலிக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாள், பின்னாலேயே அரிப்பு, சிறுநீர் போனால் எரிச்சல், திரிந்த பால் போலக் கெட்டியாக வெள்ளைப்படுதல், ஆனால் நாற்றமில்லை. டாக்டரம்மா சோதித்துப் பூஞ்சைத் தொற்று என்றார். பெரிய மாப்பிள்ளை படித்தவர், சொல்லுக்குப் பொருள் பார்ப்பவர். தொற்று என்றால் ஒருவரிடமிருந்து தொற்ற வேண்டுமே, யாரிடமிருந்து என்று கேட்டார். பதில் வருமுன் அக்காவின் தலையைக் குளியலறைச் சுவரில் மோதினார், மறுபடி கேட்டார், மறுபடி மோதினார். புருவம் கிழிந்தது. வைத்தியம் பார்த்த அதே பல் தரையில் கிடந்தது.

மறுநாள், இங்கே ஓடிவந்துவிட்ட அவளை அழைத்துப்போக வந்து, ஏதோ கோவத்துல கை நீண்டுடுச்சு, பெருசு பண்ணாதீங்க அத்தை என்றார். அம்மா அவருக்கு நாற்காலி கொடுத்தாள், முதுகில். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாக இருக்குமே என்று நான் கதவைச் சாத்தினேன். நாற்காலி உடைந்த பிறகு அவர் தாடையில் கையாலேயே தொடர்ந்ததில்தான் அம்மாவின் மணிக்கட்டு போயிற்று. இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவன் நான். உதட்டுக்குத் தையல் போடுமுன் அவர் ரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை எக்கச்சக்கம். அரிப்பு ஏதும் உண்டா என்று டாக்டர் கேட்க, மாதக்கணக்காக இருக்கிறது என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அதுவும் பூஞ்சைதான். திரைக்கு அந்தப்பக்கம் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அம்மா, உங்களுக்கு யாருகிட்டருந்து தொத்துச்சு மாப்பிள்ளை என்று மரியாதையாகக் கேட்டாள். யாரும் தர வேண்டியதில்லை, உடம்பிலேயே கொஞ்சம் இருப்பதுதான், சர்க்கரையோ மருந்தோ கர்ப்பமோ இடம் கொடுத்தால் பெருகிவிடும் என்று டாக்டர்தான் பதில் சொன்னார்.

உனக்கு முதல் தடவை என்பதால் கடையில் நீயாக மருந்து வாங்காமல் டாக்டரிடம் சோதித்துக்கொள். உள்ளே வைக்கும் மாத்திரையோ களிம்போ தருவார்கள், அரிப்பு நின்றாலும் சொன்ன நாள் முழுக்கப் போடு. விழுங்கும் மாத்திரை என்றால், கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அதையும் முன்பே சொல்லிவிடு. சோப்புப் போட்டு உள்ளே கழுவாதே, பருத்தி உள்ளாடை போடு. நாற்றம், பச்சை நிறம், காய்ச்சல், அடிவயிற்று வலி இருந்தால் அது வேறு நோய், உடனே ஓடு.

அக்கா இங்கேதான் இருக்கிறாள், போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று, இனி அங்கே போக மாட்டாள். சின்ன மாப்பிள்ளை நல்லவர் என்றுதான் நினைக்கிறேன். பெரியவரையும் அப்படித்தான் நினைத்தேன். சின்னவரிடம் நீ மறைப்பது வெட்கத்தாலா பயத்தாலா என்று மட்டும் எழுது. வெட்கம் என்றால் மருந்து வாங்கு. பயம் என்றால் டிக்கெட் வாங்கு.

முழு ஆயுளோடும் முழுப் பற்களோடும் நீ வாழ எங்கள் ஆசிகள். இடது கை நன்றாகவே இருக்கிறது என்பதை மறக்காமல் எழுதச் சொன்னாள் அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா