இடப்பக்கத் துப்பாக்கி

மார்ச் 4, செவ்வாய்

சக்கரங்கள் மடங்கி உள்ளே போகும் சக்கர அறை முடிந்தது. விமானத்தின் வயிற்றைத் திறந்தால் உள்ளே குழாய், கம்பி, திருகு, எண்ணெய்க் கறை. எல்லாம் கணினியில், எல்லாம் என் கை. ஐரோப்பாவில் சில நாடுகள் கூடிக் கட்டிய போர் விமானம். முக்கோண இறக்கை, மூக்கருகே இரண்டு குட்டி இறக்கை. கணினியில் பறக்கும் விளையாட்டு ஒன்றுக்காக எங்கள் ஸ்டூடியோ செய்துகொடுக்கிறது.

பின்னால் அத்தான் வந்து நின்றார். அக்காவின் கணவர், எங்கள் குழுவுக்குத் தலைவர். வீட்டில் அத்தான், ஆபீஸில் சார். மாற்றிக் கூப்பிட்டால் முகம் சுண்டிவிடும். "சுமாரா வந்திருக்கு" என்றார். சொல்லிவிட்டு அதே திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

சுமாரா வந்ததுக்கு எதுக்காம் போட்டோ?

மார்ச் 6, வியாழன்

எதற்கென்று தெரிந்துவிட்டது. விளையாட்டு நிறுவனத்தோடு இன்று வீடியோ கூட்டம். "இந்த சக்கர அறைக்காக நான் ஞாயித்துக்கிழமைகூடப் பாக்கலைங்க" என்கிறார் அத்தான். ஞாயிற்றுக்கிழமை சோபாவில் வாயைத் திறந்து தூங்கினார். எனக்குத் தெரியும், அதே வீட்டு மாடியறையில்தானே கிடக்கிறேன்.

விளையாட்டில் ஒவ்வொரு விமானத்துக்குக் கீழும் செய்தவர் பெயர் வரும். ஒரே ஒரு பெயர். அதைக் காட்டினால் வேறு எந்த ஸ்டூடியோவிலும் கதவு திறக்கும். நான் செய்த ஹெலிகாப்டருக்குக் கீழே அவர் பெயர். இரண்டு கப்பலுக்கும் அவர் பெயர். இந்த விமானமாவது என் பெயரில் வரட்டும். வந்தால் இந்த ஆபீஸ், இந்த மாடியறை, இந்த முகம் எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு.

மார்ச் 7, வெள்ளி

ராத்திரி வீட்டில், இந்த விமானத்துக்கு என் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டேவிட்டேன். "குடும்பத்துக்குள்ள என்னம்மா உன் பேரு என் பேரு?" என்று சிரித்தார்.

அப்படியானால் என் பெயரையே போடலாமே! வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அக்கா: "அவரு இல்லேன்னா உனக்கு இந்த வேலையே கிடையாதுடி. கொஞ்சம் அடங்கி இரு."

அடங்கினேன். எரிகிறது.

மார்ச் 10, திங்கள்

இன்று முழுக்க அத்தானிடம் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

சாப்பிட்டுவிட்டு வந்தால் என் நாற்காலியில் அவர். இறக்கை உடம்போடு சேருமிடத்தில் வளைவு சரியில்லையாம், தானே இழுத்துச் சரிசெய்கிறாராம். என் வேலையில் கை வைக்காவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

நாங்கள் விமானத்தில் ஒரு பாதியைத்தான் செய்வோம். அதை மிர்ரர் போட்டால் மறுபாதி தானாக வந்துவிடும். ஆனால் இந்த விமானத்தில் துப்பாக்கி வலப்பக்க இறக்கையடியில் மட்டும்தான். மிர்ரர் போட்டபோது இடப்பக்கமும் முளைத்த துப்பாக்கி வாயை நான்தான் ஒவ்வொரு புள்ளியாக இழுத்து மூடியிருந்தேன். இவர் வலப்பக்கத்தை மாற்றினார், மறுபடி மிர்ரர் போட்டார், சேமித்தார், எழுந்து போனார்.

திருப்பிப் பார்த்தேன். இடப்பக்கத்திலும் துப்பாக்கி வாய், கருப்பாக, திறந்துகொண்டு.

மார்ச் 14, வெள்ளி

சொல்லலாமா? சொன்னால் கால்மணி நேர வேலை. சொன்னால், "நல்லவேளை நான் கண்டுபிடிச்சேன்" என்று கூட்டத்தில் அவர் சொல்வார். அவர் பெயரில்தானே போகப்போகிறது? துப்பாக்கியும் அவர் பெயரிலேயே போகட்டும். ஊர் சிரிக்கட்டும்!

"எல்லாம் ஓகேதானே?" என்று கேட்டார்.

"ஓகே சார்."

மார்ச் 18, செவ்வாய்

நிறுவனம் ஏற்றுக்கொண்டது. சக்கர அறையைப் பார்த்து வாய் பிளந்தார்களாம். இறக்கையடியை ஒருவரும் பார்க்கவில்லை. பெயர்: அத்தான்.

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இப்படிக் கெட்ட சந்தோஷம் வந்து எவ்வளவு நாளாயிற்று.

ஏப்ரல் 10, வியாழன்

விளையாட்டு வெளிவந்தது. மதியத்துக்குள்ளேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த விமானப் பைத்தியங்கள் திருகு திருகாக ஆராய்கிறவர்கள். "ரெட்டைக்குழல் அண்ணாச்சி" என்று விமானத்துக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். செய்தவனுக்கு இடது எது வலது எது என்று தெரியாதா என்று ஒருவன் கேட்டிருக்கிறான். படித்துப் படித்துச் சிரித்தேன். எதிர் மேசையில் அத்தான் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் 11, வெள்ளி

நிறுவனத்திலிருந்து அழைப்பு. அத்தான் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"நேர்மையா சொல்லணும்னா, இந்த மாடல் முழுக்க இவங்க செஞ்சது. நான் மேற்பார்வைதான். பேரு இவங்களுக்குத்தாங்க போகணும்" என்றார்.

என்ன பெருந்தன்மை! திரையில் இருந்தவர் என்னைப் பார்த்து, "துப்பாக்கி விஷயம் உங்க கண்ணுலயே படலையா?" என்றார்.

பட்டதே. மிர்ரர் போட்டது இவர் என்று சொன்னால், அது உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். தெரிந்தும் ஏன் அனுப்பினாய் என்பார்கள். தெரிஞ்சே அனுப்புனவள எவன்டா வேலைக்கு வைப்பான்?

"கவனிக்கலைங்க" என்றேன்.

அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. மேசைக்கடியில் அவர் கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 12, சனி

துப்பாக்கியைச் சரிசெய்து வெளியிட அடுத்த மாதம் ஆகுமாம். பெயரை மட்டும் இன்றைக்கே மாற்றிவிட்டார்கள்.

அக்கா படியேறி ஓடிவந்தாள், கையில் போன். "உன் பேரு வந்திருக்குடி! உன் பேரு மட்டும்! நான்தான் சொன்னேனே, அவரு செய்வாருன்னு. அம்மாவுக்கு, சித்திக்கு, எல்லாருக்கும் அனுப்பிட்டேன்."

வாங்கிப் பார்த்தேன். விமானம் மெதுவாகச் சுற்றுகிறது. சக்கர அறை அழகாகத்தான் இருக்கிறது. கீழே என் முழுப்பெயர். இடப்பக்கம் திரும்பும்போது அந்தக் கருப்பு வாய்.

சாப்பிடக் கீழே இறங்கினேன். அத்தான் தட்டிலிருந்து தலையெடுக்காமல், "வாழ்த்துகள்" என்றார்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேங்க்ஸ் அத்தான்" என்றேன்.