தித்திக்கக் கூடாத சர்க்கரை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் என் போனை எடுக்காமல் இத்தனை நாள் ஒளிய முடியுமா? அதனால்தான் எழுதுகிறேன். அண்ணன் இதைப் படம் பிடித்து அனுப்புவான், முழுவதும் படி.

நம் தெருமுனைத் தையல்காரர், உனக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தவர், பல வருஷமாகச் சர்க்கரை வியாதிக்காரர், அவருக்குக் கொஞ்ச நாளாகக் கண் மங்கி ஊசியில் நூல் கோக்க வரவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்தாராம். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறாரே என்று அவர் மனைவி பயந்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனால், சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது. என்னய்யா சாப்பிட்டீர் என்று டாக்டர் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்க, டீயில நல்ல சர்க்கரை மட்டும்தான்" என்றிருக்கிறார். நம் வீட்டுக் கொட்டகையில் நீ ஆரம்பித்து, அண்ணன் கையில் ஒப்படைத்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போன அதே நல்ல சர்க்கரைதான்.

அம்மாவின் பாசிமணியைக் காட்டி எனக்குப் பாடம் எடுத்தவள் நீதானே? ஓட்ஸ் தவிட்டு நாரில் சர்க்கரை நீளமாகக் கோத்த மணிபோல இருக்கிறது, எலுமிச்சையில் இருக்கிற அமிலத்தைச் சேர்த்து இதமாக வேகவைத்தால் மூன்று நான்கு மணியாக அறுந்து விழும், அந்தத் துண்டுகள் நமக்குச் செரிக்காது, குடலில் இருக்கும் நல்ல கிருமிகளுக்குத் தீனியாகும், அளவு மீறி வேகவிட்டால் ஒற்றை மணியாக உதிர்ந்து வெறும் சர்க்கரையாகிவிடும், நாக்கில் நன்றாகத் தித்தித்தால் கெட்டுப்போனது என்று அர்த்தம் அப்பா என்று சொன்னவள் நீதானே? கடைக்காரர்கள் இனிப்புப் போதவில்லை என்று முகம் சுளித்ததும் உன் அண்ணன் அடுப்பை அணைக்காமல் விட்டிருக்கிறான். அவனை நான் சும்மா விடவில்லை. ஆனால் புட்டியில் அடைக்குமுன், நன்றாகத் தித்திக்கிறதே என்று உன்னைக் கேட்டானாமே. "இந்த ஒரு தடவை போகட்டும்ணா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றாயாம். தெரியாதவன் செய்ததைப் பொறுக்கலாம், தெரிந்தவள் நீ எப்படிச் சொன்னாய்? அந்த லேபிளில் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதே, உனக்குப் படிக்கத் தெரியாதா?

நானும் அதைத்தான் டீயில் போட்டுக் குடித்தேன். குடித்ததோடு விட்டேனா, டீக்கடையிலும் முடிவெட்டும் கடையிலும், எம்பொண்ணு செஞ்சது, பயப்படாம போட்டுக்குங்க என்று தம்பட்டம் அடித்தேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. தையல்காரர் வாங்கியதும் என் பேச்சைக் கேட்டுத்தான்.

கடைகளில் இருந்ததையும் வாங்கிப்போனவர்களிடம் இருந்ததையும் நானும் அண்ணனும் அலைந்து திரும்ப எடுத்து வந்துவிட்டோம். ஒரு புட்டி மட்டும் வரவில்லை, அது தையல்காரருடையது. விஷயத்தைச் சொன்னால் சிரிக்கிறார். "அப்பனுக்கும் மகளுக்கும் ஏதோ சண்டை, அதான் இப்படிப் பேசுறீங்க. பாப்பா செஞ்சது தப்பாப் போகுமாண்ணே? டாக்டருக்குத்தான் ஒண்ணும் தெரியல" என்று சொல்லி, என் எதிரிலேயே ஒரு கரண்டி அள்ளி டீயில் போட்டுக் கலக்கினார். கையைப் பிடித்தேன், தட்டிவிட்டார். பெண்டாட்டி ஒளித்து வைத்தால் தேடி எடுத்துக்கொள்கிறாராம்.

என் பேச்சு அங்கே எடுபடாது, நீ சொன்னால்தான் கேட்பார். உன் கம்பெனியைக் கேட்கிறேன், வக்கீலைக் கேட்கிறேன் என்று நாள் கடத்தாதே. பூசி மெழுகாமல், இது கெட்டது, தெரிந்தேதான் விட்டேன் என்று உன் வாயாலேயே அவரிடம் சொல். என் கோபம் உன்னை ஒன்றும் செய்யாது, நீ நன்றாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் அலையாதே. என்னிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். அவர் அடுத்த டீ சாயங்காலம் குடிப்பார், அதற்குள் அவரைப் போனில் கூப்பிடு.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அப்பா